பெட்டியில் 255, ரெயிலில் 52: ஒரு ஸ்டார்லட்டுக்குப் பெற்றோல் பம்ப் தெரிவுசெய்த கதை

"அண்ணே, மூண்டாம் கியரில 5000 தாண்டினா ஆரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

கல்முனையில் இருந்து எங்கள் கராஜுக்குக் காரைக் கொண்டுவந்த தம்பி சொன்ன முதல் வசனம் இது. இரண்டாவது வசனம்: "பம்ப் பார்க்கத் தேவல்ல. போன மாசம்தான் 255 போட்டன்." 255 என்றால் மணிக்கு 255 லீற்றர் தள்ளும் பெற்றோல் பம்ப். பத்து நாள் கழித்து நாங்கள் எழுதி முடித்த வேலைத்தாளில் பாதி அந்த இரண்டாவது வசனத்தைப் பற்றியதாகவே இருந்தது.

கார் ஒரு டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி டேர்போ, ஈபி82. எஞ்சின் 4ஈ-எஃப்டிஈ, 1331 சிசி, கம்பனியில் இருந்து இறங்கும்போது 135 குதிரைவலு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படியான பழசுகளுக்கு ஊரில் தனி மவுசு வந்தது. மாமா ஒருவர் கடற்கரைக்கு நாலு வீடு தள்ளி, கிடுகுக் கொட்டிலுக்குள் வருடக்கணக்கில் போட்டு வைத்திருந்ததைத் தம்பி எடுத்து உயிர் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் பெரிய டேர்போ, நிமிடத்துக்கு 440 சிசி பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் நாலு, எஞ்சினைக் கட்டுப்படுத்த வெளியில் வாங்கிய ஈசியூ என்ற கணினி. பூஸ்ட், அதாவது டேர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம், 1.1 பார். கிராங்கில் 190 குதிரைவலு எடுப்பதுதான் எண்ணம். ஆசைப்படக்கூடிய எண்தான், மிதமிஞ்சியதல்ல.

அவருடைய லப்டொப்பில் பதிவு இருந்தது. பூஸ்ட் ஏறியதும் காற்று–எரிபொருள் விகிதம் 11.6இல் நேராகப் போகிறது. 5200 சுற்றில் இருந்து 12, 12.6, 13.3 என்று படி ஏறுகிறது; எண் ஏற ஏறப் பெற்றோல் குறைகிறது, அதாவது லீனாகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் குறையவே இல்லை. ஈசியூ கேட்கிறது, பெற்றோல் வரவில்லை. டேர்போ எஞ்சினில் கூடுதலாக ஊற்றும் பெற்றோல் எரிவதற்கு மட்டுமல்ல, அறையைக் குளிர்த்துவதற்கும்தான். அது குறைந்தால் நொக், அதாவது பெற்றோல் தாறுமாறாக வெடிப்பது; நொக்கில் இருந்து பிஸ்டன் சேதம். திறப்பை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன். "பூஸ்ட் ஏத்தி இன்னும் ரெண்டு தரம் ஓடியிருந்தா, நீ பம்புக்கு வரமாட்டாய் மனே, பிஸ்டனுக்குத்தான் வந்திருப்பாய்."

முதலில் கடதாசியில்

பம்ப் வாங்க வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் "எத்தனை குதிரைவலுவுக்கு எந்த பம்ப்?" என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. மூன்று எண் தெரிய வேண்டும்: மணிக்கு எத்தனை லீற்றர், எந்த அழுத்தத்தில், பம்பின் முனையில் எத்தனை வோல்ற். பெட்டியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் முதல் எண் மட்டும். மற்ற இரண்டும் விற்பவருக்கு வசதியான அளவில் எடுத்தவை.

முதல் எண்ணுக்கு இப்படிக் கணக்குப் பார்த்தோம். டேர்போ பூட்டிய பெற்றோல் எஞ்சின் ஒரு குதிரைவலுவை ஒரு மணித்தியாலம் கொடுக்க ஏறத்தாழ 270 கிராம் பெற்றோல் குடிக்கும். டேர்போ இல்லாததுக்கு 230ஐச் சுற்றி வரும். 190ஐ 270ஆல் பெருக்கினால் 51 கிலோ சொச்சம். பெற்றோல் ஒரு லீற்றர் 740 கிராம் அளவு நிறை என்பதால், மணிக்கு 70 லீற்றர். வெயில், வயது, அடைபடும் பில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் 90.

அழுத்தம்: இந்த எஞ்சினில், பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயைக் கழற்றினால், இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் ரெயில் குழாயில் 2.9 பார் நிற்க வேண்டும். பூஸ்ட் வரும்போது, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மனிபோல்டுக்குள் இருக்கும் காற்று இன்ஜெக்டரின் வாயை எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் ரெகுலேற்றர் பூஸ்ட் ஏறும் அளவுக்கே ரெயில் அழுத்தத்தையும் ஏற்றிக்கொடுக்கும். 2.9உம் 1.1உம் சேர்ந்து 4 பார். அதாவது எங்களுக்குத் தேவை 4 பாரில் 90 லீற்றர். பெட்டியில் 255 என்றிருக்கிற பம்புக்கு இது விளையாட்டாக இருக்க வேண்டும்.

இன்ஜெக்டரையும் ஒரு வரியில் பார்த்துவிட்டோம். 70 லீற்றரை நாலாகப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 292 சிசி, 440இல் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே குறையில்லை.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் போடும் பம்ப் அட்டவணைகளில் பாதி, எதனோல் பெரும்பங்கு கலந்த ஈ85 ஓட்டுகிறவர்களுக்கானவை. எதனோல் கலந்ததுக்குக் கொள்ளளவு 30 வீதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டும். எங்கள் பெற்றோல் செட்டில் அடிப்பது 92 அல்லது 95 ஒக்டேன். அந்த அட்டவணையைப் பார்த்து இங்கே பம்ப் வாங்குவது, கலியாண வீட்டுக் கிடாரத்தில் தேத்தண்ணி போடுவது போல.

றோட்டில் ஓடாமல் பூஸ்ட்

வாகரைப் பக்கம் நீளமான நேர் றோட்டு இருக்கிறது, அங்கே போய் ஓடிப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னார். மாடு குறுக்கே வரும் றோட்டில், லீனாக ஓடும் எஞ்சினை வைத்துக்கொண்டு, மணிக்கு 140இல் எதை அளப்பது? பெற்றோல் அழுத்த மீற்றரைக் குழாயோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். குழாய் வழுக்கினால் மடியில் பெற்றோல்.

கராஜுக்குள்ளேயே செய்யலாம். எஞ்சின் ஓடத் தேவையில்லை. பற்றரிக்குச் சார்ஜரைக் கொடுத்து 13.8 வோல்ற்றில் நிறுத்தினோம், ஒல்டனேற்றர் ஓடும்போது இருக்கும் அளவு. ரெயிலில் அழுத்த மீற்றர். ரெகுலேற்றரின் வெற்றிட முனைக்குக் கொம்பிரசரில் இருந்து சின்ன ரெகுலேற்றர் வழியாக 1.1 பார் காற்று. பாவம், அதுக்குத் தெரியாது, எஞ்சின் முழுப் பூஸ்டில் ஓடுகிறது என்று நினைத்து ரெயிலை 4 பாருக்கு ஏற்றிவிடும். திரும்பி வரும் குழாயைக் கழற்றி அளவு போட்ட கானுக்குள் விட்டோம். எஞ்சின் குடிக்காததால் பம்ப் தள்ளுவது முழுக்கக் கானுக்குள் வரும். முப்பது செக்கன் ஓடவிட்டு, வந்ததை 120ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லீற்றர் என்று தெரியும். கதவு யன்னல் எல்லாம் திறப்பு, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், பக்கத்துக் கொட்டிலில் வெல்டிங் நிறுத்தம், பம்ப் சுவிட்ச் கானில் இருந்து இரண்டு பாகம் தள்ளி. இதில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

முதல் தடவை கானில் விழுந்தது 430 மில்லிலீற்றர். மணிக்கு 52 லீற்றர்.

தம்பி கானைத் தூக்கிப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுகா என்னைப் பார்த்தார். "255 எண்டுதானே அண்ணே போட்டிருந்திச்சு?"

70 கேட்கும் எஞ்சினுக்கு 52. மிச்சம் ரெயில் அழுத்தம் விழுவதில் போய்ச் சேரும். அவருடைய பதிவைத் திரும்பப் பார்த்தால் எண்கள் பொருந்தின. 11.6 இருக்க வேண்டிய இடத்தில் 13.3 என்றால் பெற்றோல் 13 வீதம் குறைவு. இன்ஜெக்டரில் பாயும் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 13 வீதம் குறைய வேண்டுமென்றால் வித்தியாசம் 2.9இல் இருந்து 2.2க்கு இறங்கியிருக்க வேண்டும். ரெயிலில் 4க்குப் பதில் 3.3. பம்ப் அங்கேதான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

இந்த இடத்தில் "பம்ப் போலி" என்று தூக்கி எறிந்திருந்தால் வேலை சுருக்கமாக முடிந்திருக்கும், பிழையாகவும் முடிந்திருக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீற்றரை வைத்தோம். 10.4 வோல்ற். பற்றரியில் 13.8. நடுவில் 3.4 வோல்ற் களவு. எங்கே என்று தேடினால், பிளஸ் வயரில் 1.3, எர்த்தில் 2.1. பம்ப் இழுப்பது 8 ஆம்பியர். எர்த் பாதையில் மட்டும் கால் ஓமுக்கு மேல் தடை. வயரை பம்ப் ஓடாமல் அளந்தால் இது பிடிபடாது, மீற்றர் நல்ல எர்த் என்றே காட்டும். மின்னோட்டம் போகும்போதுதான் பொய் வெளுக்கும்.

எர்த் வயர் பாடியில் போல்ட் போட்ட இடத்தைச் சுரண்டினோம். பெயின்ட் நல்லா இருக்கிறது, அதுக்குள்ளே வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்துப்போய் இருக்கிறது. கிழக்குக் கரையில் கார் வைத்திருக்கும் எவருக்கும் இது புதினமில்லை. உப்புக் காற்று பாடியைத் தின்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம், எர்த்தைத் தின்பதை யாரும் பார்ப்பதில்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடல் ஓரத்தில் நிற்கும் காருக்கு நான் முதலில் கழற்றுவது எர்த் போல்ட்டைத்தான். இந்தக் காரில் அதை மறந்துவிட்டு இன்ஜெக்டர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எர்த்தைச் சுத்தம் செய்து புதிய வயர் போட்டோம். பற்றரியில் இருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ், பின்னால் றிலே. பழைய பம்ப் வயர் இப்போது றிலேயை எழுப்புவதற்கு மட்டும். பலர் சுவிட்ச் ஒன்றைப் போட்டு நேரடியாக விடுகிறார்கள், அது கூடாது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு பழைய வயரில்தான் இருக்கிறது. விபத்தில் குழாய் அறுந்தால், நேரடி சுவிட்சில் ஓடும் பம்ப் தாங்கி முடியும்வரை நெருப்புக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்.

பம்ப் முனையில் 13.4. கானில் 610 மில்லி, 73 லீற்றர். பம்பைத் தொடவே இல்லை, ஓட்டம் 40 வீதம் கூடிவிட்டது.

பிறகுதான் பம்பை வெளியில் எடுத்தோம். அடிச் சல்லடை தேயிலை வடி போலக் கறுத்து, துருத்தூள் நிறைந்து கிடந்தது. 2022இல் கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் அளந்து கொடுத்த காலத்தில் கானில் சேர்த்து வைத்த பெற்றோலைப் பிறகு இந்தத் தாங்கிக்குள்தான் ஊற்றினாராம் மாமா. ஊற்றிவிட்டு ஓடாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறார். அதைவிட மோசமானது பம்புக்கும் மேல் குழாய்க்கும் நடுவில் போட்டிருந்த இறப்பர் துண்டு. சாதாரண பெற்றோல் ஹோஸ். அது உள்ளே பெற்றோல் ஓடுவதற்குச் செய்தது, முழுக்கப் பெற்றோலில் ஊறிக் கிடப்பதற்கல்ல. ஊதி, மெழுகு போல இளகி, நீளமாய் ஒரு மயிர் வெடிப்பு. பம்ப் தள்ளியதில் ஒரு பங்கு அந்த வெடிப்பு வழியாகத் தாங்கிக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்திருக்கிறது. தாங்கிக்குள் போடுவதற்கென்று எஸ்ஏஈ 30ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் தனியாக வருகிறது. விலை கூடத்தான், கை நீளத் துண்டுக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு காசைக் கொடுக்க வேண்டும். முன்பு பூட்டியவர் கொடுக்கவில்லை.

தாங்கியைக் கழுவி, சல்லடையும் ஹோஸும் மாற்றிய பிறகு 770 மில்லி. மணிக்கு 92 லீற்றர்.

தம்பி கணக்குத் தெரிந்தவர். உடனே கேட்டார்: "90 காணும் எண்டுதானே சொன்னீங்க? அப்ப இதையே விடலாமே?"

நியாயமான கேள்வி. நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு பம்பை இருபது நிமிடம் விடாமல் 4 பாரில் ஓடவிட்டோம். இழுவை 11 ஆம்பியருக்கு ஏறியது, சத்தம் மாறியது, கானில் 660 மில்லி. சூடாகியதும் 79. கல்முனை வெயிலில் கால் தாங்கிப் பெற்றோலில் இன்னும் எங்கே போகும்? உண்மையான 255 பம்ப் இந்த அழுத்தத்திலும் இந்த வோல்ற்றிலும் 200ஐச் சுற்றித் தள்ள வேண்டும். இது புதிதாகவே அதில் பாதிகூட இல்லை. உடம்பில் எழுத்து விரலால் தேய்த்தாலே அழிகிறது. பெயர் பெற்ற பம்புகளுக்குப் போலி வருவது உலகம் முழுக்க உள்ள பிரச்சினை. கடைக்காரருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம், அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

என் பிழை

தம்பிக்கு மனதில் 255 என்ற எண் பதிந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் பதிந்துதான் இருந்தது. "நல்லதாய் ஒரு 255 போட்டால் நாளைக்குப் பூஸ்ட் கூட்டினாலும் காணும்" என்று நானே சொன்னேன். கொழும்பில் இருந்து அசல் பம்ப் வந்தது. பூட்டினோம். 4 பாரில் 1.75 லீற்றர், மணிக்கு 210. இரண்டு பேருக்கும் சந்தோசம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். ஐட்லிங்கில் வெற்றிடக் குழாய் பூட்டிய நிலையில் ரெயில் 2.1க்கும் 2.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். மீற்றரில் 3.4. வெற்றிடக் குழாயைக் கழற்றினேன். 3.4. ஊசி அசையவில்லை. ரெகுலேற்றர் தோற்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. முழுக்கத் திறந்தும் அதால் அழுத்தத்தை இறக்க முடியவில்லை.

ஐட்லிங்கில் எஞ்சின் குடிப்பது மணிக்கு ஒரு லீற்றர் சொச்சம். மிச்சம் 200 லீற்றருக்கு மேல் அந்தச் சின்ன ரெகுலேற்றர் ஓட்டை வழியாகவும் பென்சில் தடிப்பு ரிட்டேர்ன் குழாய் வழியாகவும் திரும்ப வேண்டும். 135 குதிரைவலுவுக்குப் போட்ட குழாய் அது. ரெகுலேற்றருக்குப் பின்னால் ஹோஸைக் கழற்றி நேராகக் கானுக்குள் விட்டதும் 2.8க்கு இறங்கியது. அப்படியென்றால் பெரிய பங்கு குழாயில், சின்னப் பங்கு ரெகுலேற்றரில்.

பிளக் கறுப்பு, பெற்றோல் மணம், கண் எரிச்சல். ஈசியூவில் ஐட்லிங் பகுதியைக் குறைத்து மறைக்கலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ரெயில் அழுத்தம் பம்பின் மனம்போல ஏறி இறங்கினால் வோல்ற் மாறும்போதெல்லாம் கலவையும் மாறும். லைட் போட்டால் ஒன்று, விசிறி ஓடினால் இன்னொன்று. அத்திவாரம் ஆடும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அது.

மூன்று வழி இருந்தது. ரிட்டேர்ன் குழாயைத் தாங்கிவரை பெரிதாக்கி வேறு ரெகுலேற்றர் போடலாம். நல்ல வழி, ஆனால் காரின் அடியில் புதிதாகக் குழாய் இழுக்க வேண்டும், செலவு பம்பை விடக் கூட. பம்புக்கு வோல்ற்றைக் குறைத்துக் கொடுத்து, பூஸ்ட் வரும்போது முழுதாய்க் கொடுக்கும் கட்டுப்பாடு போடலாம். கம்பனிக் கார்கள் சிலவற்றிலேயே அப்படி இருக்கிறது. இந்தக் காரில் அது பழுதாகக்கூடிய இன்னொரு சாமான். மூன்றாவது, கணக்குக்குத் திரும்பிப் போய், தேவையான பம்பைப் போடுவது.

பெரிய பம்ப் பாவமில்லாத சாமான் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 13.4 வோல்ற்றில் 8 ஆம்பியர் என்றால் 100 வாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி சூடாகப் பெற்றோலுக்குள்ளேயே இறங்குகிறது. அந்தப் பெற்றோல் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தால் வீணாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாங்கிக்குத் திரும்புகிறது. மேலே சித்திரை வெயில், தாங்கியில் கால்வாசி. பெற்றோல் ஆவியாகத் தொடங்கினால் எந்த பம்பும் ஆவியைத் தள்ளாது.

165 லீற்றர் வகுப்பில், பெயர் தெரிந்த கம்பனியின் பம்ப் ஒன்றை வரவழைத்தோம். அசல் 255ஐ என் கணக்கில் எடுத்துக்கொண்டேன். தம்பி வேண்டாம் என்றார், பாதி தருகிறேன் என்றார். ஆசையைத் தூண்டிவிட்டது நான்தான், காசு வாங்கவில்லை.

அளந்ததும் ஓடியதும்

4 பாரில், 13.4 வோல்ற்றில் 1.15 லீற்றர், மணிக்கு 138. இருபது நிமிடம் சூடாக்கிய பிறகும் 134. எஞ்சின் கேட்கும் 70க்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐட்லிங்கில் குழாய் பூட்டியபடி 2.4, கழற்றினால் 2.9. ரெகுலேற்றர் மறுபடியும் தன் வேலையைச் செய்தது.

எந்தச் சுற்றில் எவ்வளவு பெற்றோல் என்று ஈசியூவில் எழுதியிருக்கும் பழைய மெப்பை அப்படியே விட முடியாது. அது குறைந்த அழுத்தத்தில் ஓடிய எஞ்சினுக்கு எழுதியது. முன்பு டியூன் செய்தவர் மேல் சுற்றில் இன்ஜெக்டர் நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்திருக்கிறார், இப்போது பெற்றோல் உண்மையிலேயே வந்தால் அந்த இடமெல்லாம் மூழ்கும். காரைக் கட்டி வைத்து ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோ, எனக்குத் தெரிந்து மட்டக்களப்பில் இல்லை. காரைக் கரியரில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க நின்று எழுதினோம். ரெயிலுக்கு 10 பார் சென்சர் ஒன்றைப் போட்டு ஈசியூவின் வெறும் இன்புட்டில் கொடுத்தேன். பூஸ்டைக் கழித்த பிறகு ரெயிலில் 2.6க்குக் கீழே இறங்கினால் பூஸ்ட் வெட்டப்படும். இனி பம்ப் சாகும் நாளில் எஞ்சினும் கூடச் சாகத் தேவையில்லை. இந்தச் சென்சரை நான் எல்லா டேர்போ காருக்கும் போடச் சொல்கிறேன், பத்தில் இரண்டு பேர்தான் கேட்கிறார்கள்.

பூஸ்ட் 1.1இல், 6800 சுற்றுவரை விகிதம் 11.5க்கும் 11.7க்கும் நடுவில் நேர்கோடு. ரெயில் 3.9இல் இருந்து 4 வரை.

வேலைத்தாளை இன்னும் மூடவில்லை. போன கிழமை தம்பி செங்கலடியால் கிறுகிப் பதுளை வீதியில் மலைப் பக்கம் போய்வந்து பதிவை அனுப்பினார். வலப்பக்க வளைவு நீளமாக வரும் இடத்தில், தாங்கியில் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, ரெயில் அழுத்தம் அரை செக்கன் 3.1க்கு விழுந்து திரும்ப ஏறுகிறது. பெற்றோல் ஒரு பக்கமாய் ஒதுங்க, சல்லடை காற்றைக் குடிக்கிறது. பம்ப் எவ்வளவு நல்லதென்றாலும் வாய்க்கு எட்டாததைத் தள்ளாது. தாங்கிக்குள் தடுப்புப் போட வேண்டும், அல்லது பெற்றோலைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் சின்னச் சேர்தாங்கி ஒன்றை வெளியில் போட வேண்டும். இரண்டுக்கும் இப்போது அவரிடம் காசில்லை. அரைத் தாங்கிக்குக் கீழே போனால் மலை ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார். 255 என் இறாக்கையில் பெட்டியோடு இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் அதைக் கையில் எடுத்து எண்ணைப் பார்த்துவிட்டு, "இத எனக்குத் தாங்களேன் அண்ணே" என்கிறார்கள்.